எஞ்சின் சக்கரத்துக்குப் பட்டை போடுறது

பொம்மை ரயில் வெச்சிருக்கிற வீடுகளில் ஒரு வியாதி உண்டு. எஞ்சினைத் தனியா விட்டா ஜம்முனு ஓடும். பின்னாடி நாலு பெட்டியை மாட்டினதும் மோட்டார் கத்தும், சக்கரம் சுத்தும், வண்டி மட்டும் நகராது. இல்லைன்னா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை நொண்டும். குனிஞ்சு பார்த்தா கடைசிச் சக்கரத்தில் கருப்பு நூல் மாதிரி ஏதோ தொங்கிக்கிட்டு இருக்கும். பிள்ளைங்க அதைப் பிடுங்கிப் போட்டுட்டு, "டாடி, இட்ஸ் புரோக்கன்"னு உங்க கையில் கொடுத்துருவாங்க.

புரோக்கன் எல்லாம் இல்லீங்க. அந்தக் கருப்பு நூலுக்கு டிராக்‌ஷன் டயர்னு பேர். அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ரப்பர் வளையம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைங்களுக்காகக் காத்திருக்கிற அப்பாக்கள் ரெண்டு மூணு பேர் இதையே என்கிட்ட கேட்டாச்சு. கிறிஸ்துமஸுக்கு ஆசையா வாங்கின ரயில் செட் மார்ச் மாசம் பரணுக்குப் போறதுக்குப் பாதிக் காரணம் இந்த வளையம்தான். அதனால ஒரேயடியா எழுதி வெச்சுடலாம்னு உட்கார்ந்தேன். எழுத ஆரம்பிச்சதும் விஷயம் லண்டனில் நிற்காம எங்க கள்ளிக்காடு வரைக்கும் போயிடுச்சு. பொறுத்துக்குங்க.

முதல்ல, எதுக்கு இந்த ரப்பர்? நிஜ ரயிலில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில்தானே ஓடுது? ஓடுது. அதுக்கும் வழுக்கும். மழையில் ஏத்தத்தில் சக்கரம் வழுக்கினா டிரைவர் ஒரு பொத்தானை அமுக்குவார், சக்கரத்துக்கு முன்னாடி மணல் கொட்டும். எஞ்சினுக்கு அடியில் அதுக்குன்னே மணல் பெட்டி உண்டு. இங்கே இங்கிலாந்தில் அக்டோபர், நவம்பரில் "தண்டவாளத்தில் இலை விழுந்ததால் ரயில் தாமதம்"னு அறிவிப்பாங்க. வந்த புதுசில் சிரிச்சிருக்கேன். நசுங்கின இலை ஒரு பிசின் மாதிரி தண்டவாளத்தில் ஒட்டிக்கிட்டு சோப்பு போட்ட தரை கணக்கா வழுக்கும்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

பொம்மை எஞ்சினுக்கு எடைதான் பத்தலைன்னு பொதுவா சொல்வாங்க. பி.காம் புத்தி, கணக்குப் போட்டுப் பார்க்காம விடுமா? நம்ம ஊர் டபிள்யூ.ஏ.பி.7 மின்சார எஞ்சின் 123 டன். இங்கே பரவலா விக்கிற அளவு 76-ல் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூணும் குறையுறதால 76-ஐ மூணு தடவை பெருக்கி வகுக்கணும். வந்தது 280 கிராம். கடையில் விக்கிற எஞ்சின் கிட்டத்தட்ட அந்த எடைதான் இருக்கு. அப்போ குறை வேற இடத்தில். வளைவைப் பாருங்க. சாப்பாட்டு மேஜை அளவு பலகையில் வட்டம் போட்டாகணுமே. பெட்டியோட வர்ற வளைவுத் தண்டவாளங்களில் ஒரு வகைக்கு ஆரம் 438 மில்லிமீட்டர். அதை 76-ஆல் பெருக்கினா 33 மீட்டர். இந்திய ரயில்வே அகலப்பாதையில் ரொம்ப இறுக்கமான வளைவுக்கே ஆரம் 175 மீட்டர் வேணும்னு விதி. நிஜ எஞ்சினை எந்த என்ஜினியரும் கனவில்கூட விடாத வளைவில் நம்ம பிள்ளைங்க நாள் முழுக்கச் சுத்த விடுறாங்க. பெட்டிகளோட சக்கர விளிம்பு எல்லாம் தண்டவாளத்தில் உரசிப் பிடிச்சு இழுக்கும். அதை மீறி இழுக்கத்தான் ரப்பர்.

ரப்பர் மாட்டாம சமாளிக்கவும் ஆட்கள் பார்த்திருக்காங்க. 1960களில் டிரையாங் கம்பெனி 'மேக்னடீஷன்'னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. தண்டவாளம் இரும்பு, எஞ்சினில் காந்தம், ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். நல்ல யோசனைதான், ஆனா தண்டவாளம் துருப்பிடிக்கிற இரும்பா இருந்தாத்தான் வேலை செய்யும்.

ரப்பருக்கும் ஒரு விலை இருக்கு. பொம்மை எஞ்சின் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியா கரண்ட் எடுக்குது. ரப்பர் போட்ட சக்கரம் கரண்ட் எடுக்காது. எல்லாச் சக்கரத்துக்கும் ரப்பர் போட்டா எஞ்சின் அப்படியே நின்னுரும். அதனாலதான் ஒரு ஜோடிக்கு மட்டும் போடுவாங்க. பிடி வேணுமா, கரண்ட் வேணுமா? எங்க பேங்க்கில் லோன் கொடுக்கும்போதும் இதே தலைவலிதான், ஜாமீனை இறுக்கினா ஆள் ஓட மாட்டான், விட்டா பிடி கிடைக்காது :-)

இப்போ வளையம் ஏன் தளருது? இங்கேதான் எங்க அப்பா உள்ளே வர்றார்.

பழைய சாமான் விக்கிற ஒரு சந்தையில் 25 பவுண்டுக்கு ஒரு நீராவி எஞ்சின் வாங்கினோம். மூணு ஜோடி பெரிய சக்கரம், பச்சைப் பெயின்ட், யாரோ ரொம்ப ஆசையா வெச்சிருந்தது. ஆசையில் எண்ணெயும் தாராளமா விட்டிருக்காங்க. கடைசி ஜோடியில் ரப்பர் தொளதொளன்னு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வாட்ஸ்அப்பில் ஊருக்குப் பேசுற நேரம். எங்க வீட்டில் அந்த நேரத்துக்கு ஒரு முறை உண்டு. நான் பத்து நிமிஷம், தங்கமணி அஞ்சு நிமிஷம், கடைசியில் பையனை இழுத்து வந்து கேமரா முன்னாடி நிறுத்துவோம். "ஹாய் பாட்டா", "சாப்பிட்டியா மக்களே?", "எஸ்", "நல்லா படிக்கணும் கேட்டியா", "ஓகே பாட்டா, பை." முப்பது செகண்ட். பதினாலு வருஷமா பேரனுக்கும் பாட்டாவுக்கும் நடந்த பேச்சை எல்லாம் சேர்த்தா ஒரு மணி நேரம் தேறுமான்னு சந்தேகம். (எங்க பக்கத்தில் தாத்தாவைப் பாட்டான்னுதான் சொல்லுவோம். இங்கே பிறந்த பையன் கத்துக்கிட்ட கள்ளிக்காட்டுத் தமிழ் அந்த ஒரு வார்த்தைதான்.)

அன்னைக்குப் பையன் கையில் எஞ்சினோடயே வந்து நின்னான். அப்பா கேட்டார், "அது என்ன மக்களே, ரப்பரா?" அவன் வளையத்தைத் தூக்கிக் காட்டினான். "அத மணத்திப் பாரு. எண்ணெ மணம் அடிக்கா?"

பையன் என்னைப் பார்த்தான். "ஸ்மெல் பண்ணச் சொல்றார்"னு சொன்னேன். மோந்து பார்த்துட்டு, "யெஸ்! ஆயில்!"

"எண்ணெ குடிச்ச ரப்பரு ஊதும்லா. பின்ன அது பழைய அளவுக்கு வராது. களஞ்சிட்டு வேற போடு."

நான் ஏதோ மொழிபெயர்க்கப் போனேன். "நீ சும்ம இரு டே, நான் அவன்கிட்டெ சொல்லுதேன்"னார்.

எங்க அப்பாவுக்கு 78 வயசு. கள்ளிக்காட்டில், நெய்யாறு அணையிலிருந்து நடந்து போற தூரத்தில், 60 சென்ட் ரப்பர். அதுக்கு மேல மத்தவங்க தோட்டத்தில் பால்வெட்டு. இருட்டோட எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கிட்டு, மரத்துக்கு மரம் ஓடி வெட்டிட்டு, வெயில் ஏறுறதுக்குள்ளே சிரட்டையில் வடிஞ்ச பாலை வாளியில் சேர்க்கணும். குளிர்ச்சியில்தான் பால் நல்லா ஓடும். மூணில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் தண்ணி. தட்டில் ஊத்தி ஃபார்மிக் ஆசிட் விட்டா உறையும், ரோலரில் கொடுத்தா ஷீட், புகைப்புரையில் தொங்க விட்டா தேன் நிறத்துக்கு வரும். எங்க வீட்டுத் துணி, தலைமுடி, சோறு எல்லாத்திலும் அந்த வாசம்தான். ஷீட் பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கைக்கூட வைக்க விடமாட்டார். எண்ணெய் பட்ட இடம் ஊதிப் பிசுபிசுத்துப் போகும்னு அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரலை.

புத்தகம் சொல்றது இதுதான். ரப்பர்ங்கிறது நீள நீளமான சங்கிலிகள், உள்ளே முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். மினரல் ஆயிலும் அதே ஜாதி. அதனால எண்ணெய் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துக்கும். சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடிச்ச மாதிரி கந்தகம் சேர்த்துச் சூடாக்கின ரப்பரில் சங்கிலிகள் ஒண்ணோடொண்ணு முடிச்சுப் போட்டிருக்கும், அதனால கரைஞ்சு போகாது, ஊதும். ஊதினா வளையத்தோட சுற்றளவு கூடும். சுற்றளவு கூடினா சக்கரத்தைப் பிடிக்காது. நைட்ரைல்னு ஒரு செயற்கை ரப்பர் இருக்கு, அது எண்ணெயைத் தாங்கும். பழைய பொம்மைகளில் என்ன ரப்பர் போட்டிருக்காங்கன்னு வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால எண்ணெய் அச்சுக்கு மட்டும், அதுவும் ஊசி முனையில் ஒரு துளி.

ஊதுறது ஒரு காரணம். இன்னொண்ணு வயசு. பல வருஷம் பெட்டியில் கிடந்தா ரப்பர் இறுகி, வெடிச்சு, தொட்டா உதிரும். அதுக்கு வைத்தியம் கிடையாது, மாத்த வேண்டியதுதான். மூணாவது, அளவு தப்பான வளையம்.

தளர்ந்திருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. சக்கரத்தில் ஆரம்பிச்சு ரப்பர் மேலேயும் போற மாதிரி வெள்ளைப் பெயின்டில் மெல்லிசா ஒரு கோடு போடுங்க. நாலு பெட்டியோட பத்து சுத்து விடுங்க. கோடு ரெண்டா உடைஞ்சு, ரப்பர் மேல இருக்கிற பாதி நகர்ந்திருந்தா சக்கரம் ரப்பருக்குள்ளேயே வழுக்குதுன்னு அர்த்தம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நிஜ ரயிலில் இதையேதான் செய்வாங்க. நீராவி எஞ்சின் காலத்துச் சக்கரம் ஒரே துண்டு கிடையாது. நடுவில் ஒரு சக்கரம், அது மேல எஃகு வளையம். அந்த வளையத்துக்கும் டயர்னுதான் பேர். சக்கரத்தைவிடத் துளி சின்னதா கடைஞ்சு, சூடாக்கி விரிய வெச்சு மாட்டுவாங்க, ஆறினதும் இறுக்கிப் பிடிச்சுக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டை உரசி உரசி டயர் சூடாச்சுன்னா மறுபடி விரிஞ்சு தளர்ந்துரும். அதைக் கண்டுபிடிக்க டயருக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே பெயின்ட் கோடு. ஸ்டேஷனில் வண்டி நின்னதும் ஒருத்தர் சுத்தியலோடு ஒவ்வொரு சக்கரமா தட்டிக்கிட்டுப் போவாரே, ஞாபகம் இருக்கா? நல்ல சக்கரம் மணி மாதிரி ஒலிக்கும், தளர்ந்தது சத்தென்று கேட்கும். ஊரில் பாறசாலை ஸ்டேஷனில் சின்ன வயசில் நான் வாயைப் பிளந்து பார்த்திருக்கேன். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு அந்தப் பாதை வந்ததே 1979-ல்தான். அதுவரைக்கும் அந்தப் பக்கத்தில் ரயிலைப் பார்க்கணும்னா திருவனந்தபுரம் போகணும்.

ரயிலுக்கும் முந்தி இது மாட்டு வண்டியில் இருந்தது. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். பட்டையைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, நாலு பேர் குறடால் தூக்கி, மரச் சக்கரத்தில் இறக்கி, புகை கிளம்ப கிளம்பத் தண்ணி ஊத்துவாங்க. 'கிறீச்'னு மரம் இறுகும். கோடையில் மரம் காய்ஞ்சு சுருங்கினா பட்டை தளரும், அப்போ வண்டியைக் குளத்தில் இறக்கி ஊற விடுவாங்க. பட்டை, எஃகு டயர், நம்ம அரை மில்லிமீட்டர் ரப்பர், மூணுக்கும் சூத்திரம் ஒண்ணுதான். வளையம் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதா இருக்கணும். அந்தக் கொஞ்சம்தான் பிடி.

டயர் விஷயத்தை விளையாட்டா எடுத்துக்க முடியாதுங்கிறதுக்கு ஒரு சோகமான சாட்சி ஜெர்மனியில் இருக்கு. 1998 ஜூன் 3-ஆம் தேதி எஷெடே என்ற ஊரில் அதிவேக ரயில் ஒண்ணு தடம் புரண்டு 101 பேர் இறந்தாங்க. அதிர்வு குறையட்டும்னு அந்தச் சக்கரங்களில் எஃகு டயருக்கும் உள் சக்கரத்துக்கும் நடுவில் ரப்பர் வெச்சிருந்தாங்க. ஓடி ஓடி நைந்து போன ஒரு எஃகு டயர் உடைஞ்சதில் ஆரம்பிச்சது அது. அதுக்கப்புறம் அந்த ரயில்களுக்கு ஒரே துண்டுச் சக்கரம்தான். இந்தியாவிலும் பெங்களூர் எலஹங்காவில் 1984-லிருந்து ஒரே துண்டுச் சக்கரம் வார்க்கிறாங்க.

சரி, மாத்துற வேலைக்கு வருவோம். பழைய வளையத்தைக் கத்தியால் நோண்டாதீங்க, சக்கரத்தில் கீறல் விழும். பல் குத்துற குச்சி போதும். வளையம் உட்காருற பள்ளத்தைத்தான் நல்லா சுத்தம் பண்ணணும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டு, பஞ்சு கருப்பா வர்றது நிக்கிற வரைக்கும் துடைங்க. முக்கால்வாசிப் பேர் இதை விட்டுட்டுப் புது ரப்பரை எண்ணெய்ப் பள்ளத்திலேயே மாட்டுவாங்க, ரெண்டு மாசத்தில் திரும்பத் தளரும்.

அடுத்தது அளவு. பள்ளத்தோட விட்டத்தை வெர்னியரில் அளந்துக்கோங்க. வளையத்தோட உள்விட்டம் அதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவா இருந்தா நல்லது. ரொம்பச் சின்னதை இழுத்து மாட்டினா மெலிஞ்சு, பள்ளத்தில் அமுங்கி, தண்டவாளத்தைத் தொடவே தொடாது. கனமும் முக்கியம். பள்ளத்தை விட்டு ஒரு முடி அளவு வெளியே தெரியணும், அதுக்கு மேல தெரிஞ்சா எஞ்சின் நொண்டும்.

நீராவி எஞ்சினில் சக்கரங்களைச் சேர்க்கிற இரும்புக் கம்பி குறுக்கே நிக்கும். அதோட சின்ன ஸ்குரூவைக் கழட்டி, கம்பியை நகர்த்திட்டு, வளையத்தை உள்ளே விடுங்க. தயவுசெஞ்சு சக்கரத்தை அச்சிலிருந்து உருவாதீங்க. இடது பக்கமும் வலது பக்கமும் கால் சுத்து வித்தியாசத்தில் உட்கார்ந்திருக்கும். அது கெட்டா எஞ்சின் அடிக்கு அடி தடுக்கும், வீட்டில் வெச்சுச் சரி பண்றது பெரும்பாடு.

வளையத்தை ஒரு பக்கம் மாட்டி, குச்சியால் சக்கரத்தைச் சுத்திச் சுத்தி உள்ளே தள்ளுங்க. உட்கார்ந்ததும் நாலஞ்சு இடத்தில் லேசா தூக்கி விடுங்க. அப்போதான் இழுவை எல்லாப் பக்கமும் சமமாகும், முறுக்கும் போகும்.

பசை போடலாமான்னு கேப்பீங்க. என் அபிப்பிராயம், வேண்டாம். சூப்பர் குளூ கட்டியாகி மேடு தட்டும், அப்புறம் சுரண்டவும் முடியாது. சரியான அளவு கிடைக்காத எஞ்சினுக்கு அமெரிக்காவில் ஒரு பச்சைத் திரவம் விக்கிறாங்க, பேரு புல்ஃப்ராக் ஸ்னாட். தவளைச் சளி! சக்கரத்தைச் சுத்த விட்டு, குச்சி முனையில் தடவி, காய விட்டா அதுவே தோல் மாதிரி பிடிச்சுக்கும். பேரைக் கேட்டதும் பையன் அதுதான் வேணும்னு ஒத்தைக் காலில் நின்னான்.

அவசரத்துக்கு பலூன் கழுத்தை வளையமா வெட்டி மாட்டலாம், கொஞ்ச நாள் ஓடும். சைக்கிள் வால்வு டியூப் அப்பாவோட யோசனை. அதையும் வெட்டிப் போட்டுப் பார்த்தோம். கனம் அதிகம், எஞ்சின் தவளை மாதிரி குதிச்சது. அப்பாவுக்கு வீடியோவில் காட்டினதும் அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே... அம்மா போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவே இல்லை.

அன்னைக்குப் பேச்சு நாப்பது நிமிஷம் ஓடிச்சு. ஒட்டுப்பாலை நூல் நூலா உரிச்சுச் சுத்திப் பந்து பண்றது எப்படின்னு அப்பா சொல்லிக் கொடுத்தார். நாங்க எல்லாம் சின்னப் பிள்ளையில் அந்தப் பந்தில்தான் விளையாடினோம், தரையில் அடிச்சா வீட்டுக் கூரைக்கு மேல போகும். பையன் திடீர்னு கேட்டான்: "பாட்டா, ஒரு ட்ரீ எவ்ளோ வருஷம் மில்க் குடுக்கும்?"

"இருபத்தஞ்சு, முப்பது. நம்ம மரத்துக்கு அது ஆச்சு மக்களே. இனி வெட்டணும். வெட்டிட்டு மழைக்குப் புதுத் தை வைக்கப் போறேன்."

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். இது எங்க யாருக்கும் தெரியாத சேதி. திருவனந்தபுரத்தில் இருக்கிற அண்ணனும் நானும் ஒரு வருஷமா பேசிக்கிட்டு இருந்தது வேற. மரத்தைத் தடிக்கு விக்கிறது, நிலத்தையும் கொடுத்துடறது, அப்பாவை அண்ணன் ஃபிளாட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறது. அணை பக்கம் டூரிஸ்ட் வர்றதால் நல்ல விலை வரும்னு அண்ணன் கணக்கு. அண்ணனைத் தப்பு சொல்ல மாட்டேன், ராத்திரி நெஞ்சு வலின்னா ஓடி வர வேண்டியது அவர்தான், நானில்லை. அப்பாகிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ரெண்டு பேரும் தள்ளித் தள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தோம். அவர் எங்ககிட்ட சொல்லாத திட்டத்தைப் பதினாலு வயசுப் பேரன்கிட்ட சாதாரணமா சொல்லிட்டார், அவன் கேட்டான்ங்கிற ஒரே காரணத்துக்காக.

"புதுசு எப்போ மில்க் குடுக்கும்?"

"ஏழு வருசம் ஆவும்."

பையன் மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறது எனக்குத் தெரிஞ்சுது. நல்லவேளை, வாயைத் திறக்கலை.

அன்னைக்கு ராத்திரி நான் உட்கார்ந்து போட்டேன். 60 சென்ட்டில் 120 தை வைக்கலாம். ஏழு வருஷம் ஒரு பைசா வராது, உரமும் களை எடுக்கிற கூலியும் போய்க்கிட்டே இருக்கும். அப்புறம் ஹெக்டேருக்கு 1,500 கிலோன்னு தாராளமா வெச்சாலும் வருஷம் 360 கிலோ. கிலோ 200 ரூபாய்னு வெச்சா 72,000. பால்வெட்டுக் கூலி போகப் பாதி நின்னா அதிர்ஷ்டம். அந்த 200-ம் நிச்சயம் இல்லை. 2011-ல் 240 பக்கம் போன விலை, 2016-ல் நூறுக்குக் கீழே வந்ததைப் பார்த்த ஊர் அது. இந்தக் கணக்கோட எங்க பேங்க்குக்கு ஒரு கஸ்டமர் வந்தா, டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிடுவேன்.

தங்கமணி கேட்டா: "மாமா உங்ககிட்ட லோனா கேட்டாங்க?"

அப்பா பிறந்தப்போ அந்த மண்ணுக்குப் பேர் திருவிதாங்கூர். பள்ளிக்கூடம் சேர்ந்தப்போ திரு-கொச்சி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போச்சு, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவில் நின்னுது. அவர் வீடு மாறவே இல்லை, கோடுதான் நகர்ந்தது. அத்தைங்க எல்லாம் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில், அம்மாவோட சண்டை தமிழில். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்குப் போன தண்ணிகூட 2004-ல் நின்னு போச்சு. அந்த 60 சென்ட் மட்டும் அப்படியே இருந்தது. அவரை ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில் உட்கார வெச்சு, காலை நாலு மணிக்கு முழிப்பு வந்ததும் என்ன செய்வார்னு யோசிச்சுப் பார்த்தேன்.

அண்ணன்கிட்ட ரெண்டு வாரம் பேசினேன், சில நாள் குரல் உசந்தும். கடைசியில் ஒத்துக்கிட்டார், மூணு நிபந்தனையோட. குழி எடுக்கிறதும் நடுறதும் ஆள் வெச்சுத்தான், அப்பா மண்வெட்டி தொடக் கூடாது. ராத்திரி துணைக்கு ஒரு ஆள் வீட்டில் படுக்கணும். முடியலைன்னு அவரே சொல்ற நாளில் மறு பேச்சில்லாம திருவனந்தபுரம். முதல் ரெண்டுக்கும் பணம் என் பொறுப்பு. மூணாவதைக் கேட்டுட்டு அப்பா, "அது அப்பம் பாக்கலாம்"னு சொல்லிட்டார்.

எஞ்சினுக்கு வருவோம். புது வளையம் போட்டு, வெள்ளைக் கோடும் போட்டாச்சு. இப்போ ஆறு பெட்டி இழுக்குது. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளா பையன்தான் பேசுறான். எனக்குக் கடைசியில் ரெண்டு நிமிஷம் கிடைச்சா உண்டு. "கோடு நவுந்தா மக்களே?"ன்னு பாட்டா கேட்பார், இவன் எஞ்சினைக் கேமராகிட்ட கொண்டுபோய்க் காட்டுவான். பதிலுக்கு இவன் கேட்கிறது, தை வந்தாச்சான்னு. நர்சரியில் கவர்த் தைக்கு முன்பணம் கொடுத்தாச்சு. பழைய மரங்களை மார்ச்சில் வெட்ட ஆள் வர்றாங்க, அதுவரைக்கும் கடுவெட்டு, கிடைக்கிற பாலை எல்லாம் எடுத்துடணும். ஜூன் மழையில் நடவு. பையனுக்கு அப்போ ஸ்கூல் இருக்கு, ஜூலை கடைசியில்தான் லீவு. அவன் வர்ற வரைக்கும் பத்து குழியை மூடாம வெச்சிருக்கச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன்.